வெளிநாட்டுப் பட்டம், உள்ளூர் வகுப்பறை: வணிக மாணவர்கள் எப்படிப் படிக்க விரும்புகிறார்கள்?



எமது வானொலியின் கல்வி நேரத்தில் நான் ஆற்றிய உரையைச் சற்று விரித்து இங்கே எழுத்தில் தருகிறேன். ஒலிபரப்பைக் கேட்கத் தவறிய சிலர் எழுத்தில் தரும்படி கேட்டிருந்தார்கள். நேரம் போதாமையால் அன்று சொல்லாமல் விட்ட விடயங்கள் சிலவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

எம்மவர் வீடுகளில் இப்போது அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. "அக்காவின் மகன் உயர்தரத்தில் வர்த்தகம் படித்தவன். கம்பஸுக்கு வெட்டுப்புள்ளி காணாது. ஊரில் இருந்துகொண்டே அவுஸ்திரேலியப் பட்டம் எடுக்கலாமாம். கோலாலம்பூரிலும் அப்படி ஒன்று இருக்கிறதாம். காசு நாங்கள்தான் அனுப்ப வேண்டும். அனுப்பலாமோ?" இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பட்டத்தின் பெறுமதியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதே அளவு முக்கியமான இன்னொரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. அந்த வகுப்பறையில் எப்படிக் கற்பிப்பார்கள், எங்கள் பிள்ளை எப்படிப் படித்துப் பழகியவன், இரண்டும் பொருந்துமா என்பதே அது.

நான் மெல்பேணில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் வணிக பீடத்தில் முகாமைத்துவக் கணக்கியல் கற்பிக்கிறேன். அதன் பங்காளிக் கல்லூரிகளில் பாடம் எடுப்பதற்காக மலேசியா, சிங்கப்பூர், ஹொங்கொங் ஆகிய இடங்களுக்குப் பல தடவைகள் போய் வந்திருக்கிறேன். அங்கே கண்டவற்றையும் ஆய்வாளர்கள் எழுதியவற்றையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

கடல் கடந்து வரும் பல்கலைக்கழகம்

ஒரு நாட்டின் பல்கலைக்கழகம் இன்னொரு நாட்டில் பட்டம் கொடுப்பதற்கு மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன.

முதலாவது, அங்கேயே கிளை வளாகம் அமைப்பது. மலேசியா 1996 இல் தனியார் உயர்கல்வி நிறுவனங்களுக்கான சட்டத்தைக் கொண்டுவந்த பின்னர் இதற்கு வழி திறந்தது. மொனாஷ் பல்கலைக்கழகம் 1998 இல் கோலாலம்பூருக்கு அருகிலும், கேர்ட்டின் பல்கலைக்கழகம் 1999 இல் சரவாக்கின் மிரி நகரிலும், பிரித்தானியாவின் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் 2000 இலும் அங்கே கிளை தொடங்கின. ஆர்.எம்.ஐ.ரி. பல்கலைக்கழகம் 2001 இல் வியட்நாமின் ஹோ சி மின் நகரில் கற்பிக்கத் தொடங்கியது.

இரண்டாவது, உள்ளூர்க் கல்லூரி ஒன்றுடன் பங்காளியாவது. பாடத்திட்டம், பரீட்சை, சான்றிதழ் ஆகியவை தாய்ப் பல்கலைக்கழகத்தினுடையவை. கட்டடமும் ஆசிரியர்களும் உள்ளூர்க் கல்லூரியினுடையவை. கொழும்பில் பிரித்தானிய, அவுஸ்திரேலியப் பட்டநெறிகளை நடத்தும் தனியார் நிறுவனங்கள் பல இந்த முறையில்தான் இயங்குகின்றன.

மூன்றாவது, விரிவுரையாளர் விமானத்தில் போய், ஒரு வார இறுதியிலோ நான்கைந்து நாட்களிலோ பாடத்தின் பெரும்பகுதியை நடத்திவிட்டுத் திரும்புவது. இடைப்பட்ட வாரங்களில் உள்ளூர் ஆசிரியர் ஒருவர் பயிற்சி வகுப்பு எடுப்பார். 2020 இல் கொரோனாவால் எல்லைகள் மூடப்பட்டபோது இந்தப் போக்குவரத்து நின்று, பாடங்கள் இணையத்துக்கு மாறின. இப்போது நேரடி வகுப்பும் இணைய வகுப்பும் கலந்து நடப்பதைப் பல இடங்களில் காணலாம்.

இப்படிக் கடல் கடக்கும் பட்டங்களில் வணிகப் பட்டங்களே முன்னணியில் நிற்கின்றன. காரணம் எளியது. மருத்துவத்துக்கு ஆஸ்பத்திரி வேண்டும், பொறியியலுக்கு ஆய்வுகூடம் வேண்டும். கணக்கியலுக்கும் சந்தைப்படுத்தலுக்கும் ஒரு மண்டபமும் கணினியும் புத்தகமும் போதும். அதனாலேயே தொடங்குவதும் இலகு, மூடுவதும் இலகு. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் 2007 இல் சிங்கப்பூரில் திறந்த வளாகம், எதிர்பார்த்த அளவு மாணவர் சேராததால் அதே ஆண்டின் நடுப்பகுதியில் மூடப்பட்டது. ஹொங்கொங் போன்ற இடங்கள் வெளிநாட்டுப் பட்டநெறிகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1990களிலேயே சட்டம் இயற்றியதற்கு இத்தகைய கவலைகளும் காரணம்.

மாணவர்கள் யார்?

ஒரே பாடம், ஒரே புத்தகம், ஒரே பரீட்சை. ஆனால் மெல்பேணில் என் முன் இருப்பவர்களும் அங்கே என் முன் இருப்பவர்களும் ஒரே நிலையில் இருப்பவர்கள் அல்லர்.

ஹொங்கொங்கிலும் சிங்கப்பூரிலும் எனது வகுப்புகளில் பலர் வேலை செய்பவர்கள். வங்கியிலோ கப்பல் நிறுவனத்திலோ பகல் முழுவதும் நின்றுவிட்டு, மாலை 7 மணிக்கு வகுப்புக்கு வருவார்கள். சனி, ஞாயிறு முழுநாளும் பாடம். மலேசியாவில் எனக்குக் கிடைத்தவர்கள் பெரும்பாலும் பாடசாலை முடித்து நேரே வந்தவர்கள். வீட்டில் சீனமோ மலாயோ தமிழோ பேசி, வகுப்பில் ஆங்கிலத்தில் எழுதுபவர்கள். அவர்களுள் இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்த எம் பிள்ளைகளும் இருந்தார்கள்.

இவர்கள் எல்லோரும் முதல் வகுப்பிலேயே கேட்பவை ஏறத்தாழ ஒன்றுதான். விரிவுரைக் குறிப்பை முன்கூட்டியே தாருங்கள். கடந்தகால வினாத்தாள் வேண்டும். மாதிரி விடை வேண்டும். பரீட்சைக்கு எந்த அத்தியாயம் என்று சொல்லுங்கள். குழுவேலையைக் குறைத்து, நீங்கள் விளக்கிச் சொல்லுங்கள். கேள்வி கேட்டால் மண்டபம் அமைதியாகிவிடும். இடைவேளையில் ஐந்தாறு பேர் மேசையைச் சுற்றி நின்று அருமையான கேள்விகளைக் கேட்பார்கள்.

"மனப்பாடக்காரர்" என்ற முத்திரை

இதைப் பார்த்த மேலைநாட்டு விரிவுரையாளர்கள் பலர் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆசிய மாணவர்கள் மனப்பாடம் செய்பவர்கள், ஆசிரியர் ஊட்டினால்தான் உண்பவர்கள், சுயமாகச் சிந்திக்க விரும்பாதவர்கள் என்று சொல்லப்பட்டது. 1980களிலும் 1990களிலும் ஆசிரியர் அறைகளில் இது சாதாரணப் பேச்சு. இன்றும் முற்றாக ஓய்ந்துவிடவில்லை.

இதில் ஒரு புதிர் இருந்தது. மனப்பாடம் மட்டுமே செய்பவர்கள் என்றால் கடினமான கணக்குகளில் அவர்கள் பின்தங்கியிருக்க வேண்டும். ஆனால் 1995 இல் பல நாட்டு மாணவர்களை ஒப்பிட்ட பரீட்சையில் கணிதத்தில் சிங்கப்பூர் முதலிடம் பெற்றது. ஹொங்கொங்கும் முன்வரிசையில் நின்றது. அப்போது ஹொங்கொங் பல்கலைக்கழகத்தில் இருந்த அவுஸ்திரேலியரான ஜோன் பிக்ஸும் அவருடன் டேவிட் வற்கின்ஸும் இந்தப் புதிரை ஆராய்ந்து 1996 இல் சீன மாணவரைப் பற்றிய நூல் ஒன்றைத் தொகுத்தார்கள்.

அதை விளங்கிக்கொள்ள இன்னும் சற்றுப் பின்னே போக வேண்டும். 1976 இல் சுவீடனின் கொதன்பேர்க் நகரில் ஃபெரன்ஸ் மார்ட்டன், ரோஜர் சாலியோ என்ற இருவர் மாணவர்களுக்குக் கட்டுரை ஒன்றை வாசிக்கக் கொடுத்து, எப்படி வாசித்தீர்கள் என்று விசாரித்தார்கள். சிலர் சொற்களை நினைவில் வைக்க முயன்றிருந்தார்கள். சிலர் எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்று தேடியிருந்தார்கள். முதலாவதை மேலோட்டமான கற்றல் என்றும் இரண்டாவதை ஆழமான கற்றல் என்றும் கல்வியாளர் அழைக்கிறார்கள். முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, இவை ஆளோடு பிறந்த குணங்கள் அல்ல என்பது. பரீட்சையில் என்ன கேட்பார்கள் என்று மாணவர் எதிர்பார்க்கிறாரோ, அதற்கேற்ப அதே ஆள் ஒரு பாடத்தை மேலோட்டமாகவும் இன்னொன்றை ஆழமாகவும் படிப்பார்.

ஹொங்கொங் ஆய்வுகளில் தெரியவந்தது இதுதான். மீண்டும் மீண்டும் ஓதுவதை மேலைநாட்டார் விளங்காமல் படிப்பதன் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பல மாணவர்களுக்கு ஓதுதலும் விளங்குதலும் ஒன்றோடு ஒன்று சேர்ந்தே நடந்தன. ஒவ்வொரு தடவை ஓதும்போதும் பொருள் சற்றுக் கூடுதலாகத் திறந்தது. டேவிட் கெம்பர் என்ற ஆய்வாளர் 2000 இல் எழுதிய கட்டுரை இன்னும் ஒரு படி மேலே போனது. ஹொங்கொங் மாணவர்கள் மனப்பாடத்தை நாடும்போது, அதற்குக் காரணம் பெரும்பாலும் பாடச்சுமையும் பரீட்சை முறையும் கற்பிக்கும் விதமும் என்றார். கலந்துரையாடல் போன்ற புது முறைகளுக்கு முதலில் தயங்கினாலும், பழகிய பின்னர் அதையே விரும்புகிறார்கள் என்றும் காட்டினார்.

தேவாரத்தையும் வாய்ப்பாட்டையும் ஓதிப் படித்த எமக்கு இது புதினமான செய்தி அன்று. சிறுவயதில் பொருள் தெரியாமல் பாடமாக்கியது வளர்ந்தபின் பொருள் தந்த அனுபவம் எம்மில் பலருக்கு உண்டு.

வினாக்கொத்துகள் சொல்வது என்ன?

வணிக பீடங்களில் மாணவரின் கற்றல் விருப்பத்தை அளக்க வினாக்கொத்துகளைப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. அமெரிக்கரான டேவிட் கோல்ப் 1984 இல் விரிவாக எழுதிய கருத்துப்படி கற்றல் ஒரு வட்டம். ஒன்றைச் செய்து அனுபவிக்கிறோம், அதைத் திரும்பிப் பார்க்கிறோம், அதிலிருந்து பொதுவிதி காண்கிறோம், அந்த விதியை மறுபடியும் செய்து பார்க்கிறோம். பிரித்தானியாவில் பீற்றர் ஹனி, அலன் மம்ஃபோர்ட் ஆகியோர் இதை முகாமையாளர்களுக்கு ஏற்றவாறு மாற்றி, 1982 இல் 80 கேள்விகள் கொண்ட வினாக்கொத்தை வெளியிட்டார்கள். அதன்படி கற்பவர் நால்வகை: உடனே செய்து பார்ப்பவர், நின்று நிதானித்து யோசிப்பவர், கோட்பாட்டைத் தேடுபவர், நடைமுறைப் பயனைப் பார்ப்பவர். நியூசிலாந்தின் நீல் ஃபிளெமிங் 1990களில் அறிமுகப்படுத்திய 'வார்க்' முறை, பார்த்தல், கேட்டல், வாசித்து எழுதுதல், செய்து பழகுதல் என்று பிரிக்கிறது.

இவற்றை நிரப்புவது சுவாரசியமானது. வகுப்பில் பேச்சைத் தொடக்க உதவும். ஆனால் "எனது பிள்ளை பார்த்துப் படிக்கிறவன், அவனுக்கு வாசிப்பு ஒத்துவராது" என்று முடிவு கட்டுவதற்கு இவை இடம் தருவதில்லை. 2004 இல் ஃபிராங்க் கொஃபீல்ட் தலைமையில் பிரித்தானியாவில் ஒரு மீளாய்வு நடந்தது. கற்றல் பாணி பற்றிய 71 மாதிரிகளை அவர்கள் இனங்கண்டு, அவற்றுள் முக்கியமான 13 ஐ ஆராய்ந்து, பலவற்றின் நம்பகத்தன்மை போதாது என்றார்கள். 2008 இல் அமெரிக்க உளவியலாளர் ஹரல்ட் பாஷ்லரும் மூவரும் சேர்ந்து, மாணவரின் பாணிக்குப் பொருத்தமாகக் கற்பித்தால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள்.

அப்படியானால் விருப்பத்தைக் கேட்பதில் பயனே இல்லையா? பயன் உண்டு. ஆனால் அந்த விருப்பம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

விருப்பத்தின் வேர்

பகல் முழுவதும் வேலை செய்துவிட்டு வரும் ஒருவருக்கு வாசிக்க நேரம் இரவு 11 மணிக்குப் பின்னர்தான். அவர் குறிப்பை முன்கூட்டியே கேட்பது சோம்பலால் அன்று. ஒரு பாடத்தின் பாதியை மூன்று நாளில் கேட்பவருக்கு, கேட்டதை அசைபோட அவகாசம் இல்லை. அவர் மாதிரி விடையை நாடுவது இயல்பு. விடைத்தாளைத் திருத்துபவர் 6,000 கிலோமீற்றருக்கு அப்பால், முகம் தெரியாத ஒருவர் என்றால், அவர் என்ன எதிர்பார்க்கிறார் என்பதைக் கடந்தகால வினாத்தாளில்தான் தேட முடியும். ஆங்கிலத்தில் பேசும்போது பிழை வந்தால் 60 பேர் கேட்பார்கள் என்ற கூச்சமே மண்டபத்து அமைதியின் பெரும்பங்கு. இடைவேளையில் ஐந்து பேர்தான் கேட்பார்கள், அதனால் அங்கே வாய் திறக்கிறது.

உதாரணங்களும் காரணம். ஒருமுறை மலேசியாவில், இலாபமும் இல்லை நட்டமும் இல்லை என்ற புள்ளியைக் கண்டுபிடிக்கும் பாடம். அவுஸ்திரேலியப் புத்தகத்தில் இருந்தது பனிச்சறுக்கு விடுதி ஒன்றின் கணக்கு. வகுப்பில் எவரும் பனியையே கண்டதில்லை. அடுத்த அமர்வில் அவர்களுடைய இரவுச் சந்தையான பாசார் மாலாமில் ஒரு வடைக் கடையை எடுத்துக்கொண்டோம். கடை வாடகையும் உதவியாள் கூலியும் ஒரு இரவுக்கு 120 ரிங்கிட். ஒரு பொதி வடையின் விலை 2 ரிங்கிட். அதற்குப் போகும் பருப்பு, எண்ணெய், தாள் எல்லாம் 1 ரிங்கிட் 20 சதம். ஒரு பொதி விற்றால் மிஞ்சுவது 80 சதம். 120 ஐ 0.80 ஆல் பிரித்தால் 150. ஆகவே 150 பொதி விற்றால்தான் கைக்காசு தப்பும்.

கணக்கு முடியுமுன்னரே பின்வரிசையில் இருந்து ஒரு பிள்ளை, "மழை பெய்தால் சேர்?" என்று கேட்டாள். இன்னொருவர், பக்கத்துக் கடைக்காரர் விலையை 1 ரிங்கிட் 80 சதம் ஆக்கினால் என்ன செய்வது என்றார். விலையை நாமும் இறக்கினால் மிஞ்சுவது 60 சதம், 200 பொதி விற்க வேண்டும் என்று மூன்றாமவர் கணக்குப் போட்டுக் காட்டினார். பேசப் பிடிக்காத மாணவர்கள் என்று சொல்லப்பட்ட அதே வகுப்பு அது.

ஆகவே, மாணவர் சொல்லும் விருப்பம் பெரும்பாலும் அவர் இருக்கும் நிலைமையின் விடை. நேரம், மொழி, பரீட்சை, உதாரணம் ஆகியவற்றை மாற்றினால் விருப்பமும் மாறுகிறது. முதலாம் தவணையில் மாதிரி விடை கேட்டவர்கள் மூன்றாம் தவணையில் "குழுவாகச் செய்யத் தாருங்கள்" என்று கேட்டதை நான் கண்டிருக்கிறேன்.

பிடித்தது வேறு, பயன் தருவது வேறு

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மாணவருக்குப் பிடித்ததை எல்லாம் கொடுத்தால் படிப்பு வந்துவிடும் என்றும் இல்லை.

2006 இல் அமெரிக்காவில் ஹென்றி ரொடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி ஆகியோர் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரு பிரிவினர் ஒரு பந்தியை நான்கு முறை வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு முறை வாசித்துவிட்டு, மூன்று முறை பாராமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்தின் பின் கேட்டபோது வாசித்தவர்களே முன்னுக்கு நின்றார்கள். ஒரு வாரத்தின் பின் கேட்டபோது, நான்கு முறை வாசித்தவர்களின் நினைவில் 40 வீதமும், எழுதிப் பார்த்தவர்களின் நினைவில் 61 வீதமும் இருந்தன. தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியவர்கள் வாசித்தவர்களே.

2019 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் மாணவர்களிடையே வந்த முடிவும் இதே மாதிரியானது. தாமே முயன்று கணக்குச் செய்த வகுப்பில் அதிகம் கற்றார்கள். ஆனால் நல்ல விரிவுரையைக் கேட்டு இருந்த வகுப்பில்தான் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள்.

எனவே மாணவரின் விருப்பத்தைக் கேட்டறிந்து அங்கிருந்து தொடங்க வேண்டும், அங்கேயே நின்றுவிடக் கூடாது. குறிப்பைக் கொடுக்கலாம், ஆனால் குறிப்பை மூடிவிட்டு எழுதவும் வைக்க வேண்டும். மாதிரி விடையைக் காட்டலாம், ஆனால் அது ஏன் நல்ல விடை என்று மாணவரைச் சொல்ல வைக்க வேண்டும்.

எம் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள்?

எம் பிள்ளைகளின் நிலைக்கு வருவோம். உயர்தர வர்த்தகப் பிரிவில் கணக்கீடு, வணிகக்கல்வி, பொருளியல் படித்து வருபவர்களுக்கு ரியூட்டரி நல்ல அத்திவாரத்தைக் கொடுக்கிறது. கணக்கீட்டில் அவர்கள் இங்குள்ள மாணவர்களை விட வேகம். தடுக்கி விழுவது ஒப்படையில்தான்.

நான் அறிந்த ஒரு பிள்ளையின் கதையைச் சொல்கிறேன். வடக்கிலிருந்து கோலாலம்பூருக்குப் படிக்க வந்தவர். போரில் தகப்பனை இழந்தவர். கட்டணத்தைக் கட்டியது கனடாவில் இரண்டு வேலை செய்யும் மாமா. முதல் தவணையில் கணக்கியலில் 80 க்கு மேல் புள்ளி. முகாமைத்துவ ஒப்படையில் பூச்சியம். புத்தகத்திலிருந்த பந்திகளை அப்படியே, எங்கிருந்து எடுத்தது என்று காட்டாமல் எழுதியிருந்தார். அது கருத்துக் களவு என்று கல்லூரி அறிவித்தது. அவர் திகைத்துப் போனார். ஊரில் புத்தக விடையைப் பிசகாமல் எழுதினால் முழுப் புள்ளி கிடைத்தது. இங்கே அதுவே குற்றமாகிவிட்டது. இந்த வித்தியாசத்தை முதல் வாரத்திலேயே எவரும் அவருக்கு விளக்கிச் சொல்லவில்லை.

உள்ளூர் ஆசிரியை ஒருவர் அவரைக் கைவிடவில்லை. வாரத்தில் ஒருநாள் இருத்தி, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "இந்த நிறுவனம் ஏன் நட்டப்பட்டது என்று நீர் நினைக்கிறீர்? தமிழிலேயே சொல்லும்" என்று கேட்பாராம். சொன்னதை ஆங்கிலத்தில் எழுத வைத்து, எந்தப் புத்தகம் அவர் பக்கம் நிற்கிறது, எது எதிர்ப் பக்கம் நிற்கிறது என்று தேட வைத்தார். மறுபடி எழுதிய ஒப்படை சித்தியடைந்தது. மாமாவின் ஒரு தவணைக் காசும், வீட்டுக்குச் செய்தி சொல்ல முடியாமல் அந்தப் பிள்ளை தவித்த மூன்று மாதமும் போனது போனதுதான்.

அந்த ஆசிரியை செய்தது புதிய முறை அன்று. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பாயிரத்திலேயே கல்விக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கிடைப்பது காற்பங்கு. உடன் படிப்போரோடு பழகிப் பெறுவது இன்னொரு காற்பங்கு. மீதி அரைப்பங்கு, தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதே வருகிறது. கலந்துரையாடலும் எடுத்துரைப்பும் மேலைநாட்டுப் பழக்கம், எமக்கு ஒத்துவராது என்று சொல்லும் பெற்றோருக்கு நான் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன். ரியூட்டரி அந்தக் காற்பங்கை மிகத் திறமாகக் கொடுக்கிறது. மீதி முக்காற்பங்குக்கு வகுப்பில் இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

காசு கட்டுமுன் கேட்க வேண்டியவை

விளம்பரப் புத்தகத்தில் கட்டடமும் பட்டமளிப்பு உடையும் இருக்கும். நீங்கள் தொலைபேசியில் கேட்க வேண்டியவை வேறு.

1. பாடத்தை யார் எடுக்கிறார்? வருகை விரிவுரையாளர் எத்தனை நாள், உள்ளூர் ஆசிரியர் எத்தனை வாரம்? பயிற்சி வகுப்பில் எத்தனை பேர்?

2. பரீட்சைக்கு எத்தனை வீதம், ஒப்படைக்கு எத்தனை வீதம்? ஒப்படையைத் திருத்துவது யார்? குறைகளை எழுதித் திருப்பித் தருவார்களா, எத்தனை நாளில்?

3. ஒப்படை எழுதுவது, மேற்கோள் காட்டுவது, கல்விசார் ஆங்கிலம் ஆகியவற்றை முதல் தவணையிலேயே கற்பிக்கிறார்களா? அதற்குத் தனிக் கட்டணமா?

4. உதாரணங்களும் நிறுவனக் கதைகளும் எல்லாம் தாய்நாட்டினுடையவையா, உள்ளூர்ச் சூழலும் உண்டா?

5. ஒரு பாடத்தில் தவறினால் மறுபடி எடுக்க எவ்வளவு? இடையில் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம் முடிந்தால் மாணவரை யார் பொறுப்பேற்பார்? இதை எழுத்தில் வாங்குங்கள்.

6. பட்டம் எங்கே செல்லும்? அவுஸ்திரேலியப் பட்டமானால், அந்தப் பல்கலைக்கழகம் 2011 இல் நிறுவப்பட்ட உயர்கல்வித் தர முகவரகத்தின் தேசியப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். கணக்காளர் அமைப்புகள் அந்த இடத்தில் நடக்கும் பட்டநெறியையும் ஏற்கின்றனவா என்று அவர்களிடமே கேளுங்கள்.

ஆறாவதோடு ஒரு எச்சரிக்கையும் சேர்க்கிறேன். அவுஸ்திரேலியப் பட்டம் என்றாலே படித்து முடித்தபின் இங்கே வேலை விசா கிடைக்கும் என்று சில முகவர்கள் பேசுகிறார்கள். அவுஸ்திரேலியக் கல்வித் தேவை என்ற விதி, குறைந்தது இரண்டு கல்வியாண்டுகள், அதாவது 92 வாரப் படிப்பு, இந்த நாட்டுக்குள் இருந்து படித்திருக்க வேண்டும் என்கிறது. முழுவதும் வெளிநாட்டில் படித்த பட்டம் இதை நிறைவு செய்யாது. விசா விதிகள் மாறக்கூடியவை என்பதால், காசு கட்டுமுன் பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் கட்டும் மாமா, மாமிமாருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையுடன் பேசும்போது "எத்தனை புள்ளி?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "இந்தக் கிழமை என்ன படித்தாய், எனக்குச் சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். உங்களுக்கு வணிகம் தெரிய வேண்டியதில்லை. தெரியாதவருக்கு விளக்குவதுதான் அந்தப் பிள்ளைக்கு நல்ல பயிற்சி. தொழிற்சாலையிலும் கடையிலும் ரக்சியிலும் வேலை செய்த உங்களிடம் ஒரு வணிக மாணவர் கேட்டறிய வேண்டியவையும் நிறைய உண்டு. சரக்கு எப்படித் தேங்குகிறது, வேலையாட்கள் ஏன் நிற்கிறார்கள், ஏன் போகிறார்கள் என்பவற்றை நீங்கள் நேரே கண்டவர்கள். அதைச் சொல்லிக் கொடுங்கள், ஒப்படையில் பயன்படும்.

பட்டநெறியைத் தெரிவு செய்வதில் ஐயமுள்ளோர் மேலே உள்ள ஆறு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக் கல்லூரிக்கு அனுப்பிப் பாருங்கள். எவ்வளவு விரைவாக, எவ்வளவு தெளிவாகப் பதில் வருகிறது என்பதிலிருந்தே அங்கே பிள்ளையை எப்படி நடத்துவார்கள் என்று ஓரளவு தெரிந்துவிடும்.